வீணான மணிநேரம் யார் கணக்கில்?

மாலை ஐந்து மணிக்குப் பல் மருத்துவரிடம் அப்பாயின்ட்மென்ட். மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வருகிறது: பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள். கிளினிக்குக்கு போன் செய்து இன்றைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு ஓடுகிறோம். அடுத்த வாரம் போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வெளியே வந்தால் பில்லில் ஒரு வரி கூடியிருக்கிறது. கேன்சலேஷன் சார்ஜ், 500 ரூபாய். "இருபத்துநாலு மணி நேரத்துக்கு முன்னாடியே சொல்லணும் சார், அதுதான் எங்க ரூல்" என்கிறார் கவுன்ட்டரில் இருப்பவர். அந்த ரூல் சுவரில் இல்லை. நேரம் கொடுத்தபோது யாரும் சொல்லவில்லை. அன்று வந்த வாட்ஸ்அப் செய்தியில் தேதியும் மணியும் மட்டுமே இருந்தன.

பல் மருத்துவருக்குப் பதில் பியூட்டி பார்லர், பிசியோதெரபி, மனநல ஆலோசகர், வீட்டுக்கு வந்து ஏசி பார்ப்பவர் என்று யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

தொகை சிறியது. ஐநூறு ரூபாய்க்காக யாரும் நுகர்வோர் ஆணையத்தின் படியேறப் போவதில்லை. ஏறினால் ஆட்டோவுக்கே அதைவிட அதிகம் ஆகிவிடும். அதனால் சட்டம் என்ன சொன்னாலும், இது கவுன்ட்டர் முன்னால் நின்று அரை நிமிடத்தில் நாமே தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்காகிவிடுகிறது. சிலர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டு, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்கிறார்கள். சிலர் சத்தம் போட்டுவிட்டு, கொடுக்காமல் வெற்றிபெற்ற முகத்தோடு வெளியேறுகிறார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. முன்னவர் கொடுக்க வேண்டாததைக் கொடுக்கிறார். பின்னவர் கொடுக்க வேண்டியது ஏதாவது உண்டா என்று யோசிக்கவே இல்லை.

நான் நினைப்பது இது. சொல்லாத கட்டணத்துக்கு நாம் கடன்பட்டவர்கள் அல்ல. நம்மால் வீணான மணிநேரத்துக்குக் கடன்பட்டவர்கள். இந்த இரண்டும் ஒரே தொகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. முதலாவது செல்லாது என்பதால் இரண்டாவதும் தள்ளுபடியாகிவிடுவதில்லை.

முதல் பாதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 13ஆம் பிரிவில் சம்மதம் என்றால் என்ன என்று சொல்கிறது: இருவரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புக்கொள்வது. ஒருவர் மனதில் மட்டும் இருக்கும் ரூலை மற்றவர் ஒப்புக்கொள்ள வழியே இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவையின் தரத்தையும் விலையையும் தெரிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தில் நடக்கும் ஏமாற்று உத்திகள் பதின்மூன்றை அடையாளம் காட்டி நெறிமுறை வெளியிட்டது. விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்து வைத்துக் கடைசியில் சொட்டுச் சொட்டாக வெளியே விடுவது அவற்றில் ஒன்று. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறநெறிக் கோவை, 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்துசெய்யாத நோயாளியிடம் மருத்துவர் கட்டணம் வாங்கலாம் என்று அனுமதித்தது. ஆனால் அப்படி வாங்கப்படும் என்பது நோயாளிக்கு முன்கூட்டியே முழுமையாகத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சொல்லாதது செல்லாது. இதில் பெரிய வாதத்துக்கு இடமில்லை.

வாதம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கட்டணம் செல்லாது என்று ஆன பிறகு என்ன மிச்சம் இருக்கிறது? இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு இந்த இடத்தைத் தொட்டது. 1984 மார்ச்சில் ஸ்டிலெட்டோ என்ற விளம்பர நிறுவனம் 1950களின் படங்கள் தேவைப்பட்டு, இன்டர்போட்டோ என்ற புகைப்பட நூலகத்துக்கு போன் செய்தது. நூலகம் 47 ஸ்லைடு படங்களை ஒரு பையில் போட்டு அனுப்பியது. பையோடு ஒரு டெலிவரி நோட்டு. அதன் அடியில் வரிசையாக நிபந்தனைகள். பதினான்கு நாளுக்குள் திருப்பித் தராவிட்டால், ஒவ்வொரு படத்துக்கும் நாளொன்றுக்கு ஐந்து பவுண்டு என்பது அவற்றில் ஒன்று. நிறுவனத்தில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. படங்களை எடுத்து வைத்தார்கள், மறந்தார்கள், ஏப்ரல் 2ஆம் தேதி திருப்பி அனுப்பினார்கள். வந்த பில் 3,783 பவுண்டு 50 பென்ஸ்.

கீழ் நீதிமன்றம் கட்டச் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987இல் அதை மாற்றியது. இவ்வளவு கடுமையான, வழக்கத்தில் இல்லாத ஒரு நிபந்தனையை வைப்பவர், அது எதிராளியின் கண்ணில் படும்படி நியாயமாகச் செய்திருக்க வேண்டும். மற்ற நிபந்தனைகளோடு சேர்த்து அடித்து அனுப்பியது போதாது என்றது. இந்த வழக்கைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நீதிபதிகள் நிறுத்தவில்லை. ஒன்றும் தர வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. படங்களைக் கெடு தாண்டி வைத்திருந்தது உண்மை. அந்த நாட்களில் நூலகம் அவற்றை வேறு யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. ஆகவே ஒரு படத்துக்கு வாரத்துக்கு மூன்றரை பவுண்டு வீதம் கொடுக்கச் சொன்னார்கள். கேட்டதில் பத்தில் ஒரு பங்கு.

சத்தம் போட்டுவிட்டு வெளியேறுபவர் தவறவிடுவது அந்தப் பத்தில் ஒரு பங்கைத்தான். மறைத்து வைத்த ரூல் ஒருவருடைய தப்பு. காலியாகப் போன நாற்காலி இன்னொருவருடைய தப்பு, அல்லது தப்பே இல்லாமல் நேர்ந்தது. அவர் செய்ததைக் காட்டி நான் செய்ததை அழித்துவிட முடியாது.

சரி, வீணான மணிநேரத்தின் விலை என்ன? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது, ஏனென்றால் எல்லா மணிநேரமும் ஒன்றல்ல. மணப்பெண் அலங்காரம் செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் அவருக்குக் கல்யாண வேலை கிடையாது. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் நல்ல முகூர்த்த நாட்கள் கைவிரலில் எண்ணக்கூடியவை. அதிலும் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மண்டபங்களில் அவர் இருக்க முடியாது. ஒரு வீட்டுக்குத் தேதி கொடுத்துவிட்டால், பிறகு வந்து கேட்ட மூன்று வீடுகளைத் திருப்பி அனுப்பியிருப்பார். முந்தின நாள் மாலையில் அந்த ஒரு வீடு "வேற ஆளைப் பார்த்துட்டோம்" என்று சொன்னால், போனது ஒரு மணிநேரம் அல்ல, அந்த மாத வருமானத்தில் ஒரு பெரிய துண்டு. அவர் முன்பணம் வாங்குகிறார் என்றால், அதைத் திருப்பித் தர முடியாது என்கிறார் என்றால், அதில் பேராசை எதுவும் எனக்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டுக்கு நாதஸ்வரக்காரரையும் சமையல்காரரையும் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்துப் பேசி முடித்த காலத்திலிருந்தே இது நமக்குப் பழக்கமான நியாயம்தான்.

அதே பார்லரில் செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணி ஃபேஷியல் வேறு கதை. அந்த நேரத்துக்கு வரிசையில் நிற்பவர் யாருமில்லை. நாம் வராவிட்டாலும் கடை திறந்துதான் இருக்கும், விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அல்லது நாம் போனை வைத்த பத்து நிமிடத்தில் யாராவது அப்பாயின்ட்மென்ட் இல்லாமலே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பிரபலமான மருத்துவர்களிடம் இது சர்வசாதாரணம். வராந்தாவில் டோக்கன் இல்லாமல் காத்திருக்கும் பத்துப் பேரில் ஒருவருக்கு நம் இடம் போய்விடும். அப்போது நஷ்டம் எங்கே? ஒரே மணிநேரத்தை இரண்டு பேருக்கு விற்ற லாபம்தான் இருக்கிறது.

ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. ஒப்பந்தம் மீறப்பட்டதால் வந்த நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அந்த இடைஞ்சலைச் சரிசெய்துகொள்ள என்ன வழிகள் இருந்தன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய இந்த வரி, இன்றைய கவுன்ட்டரில் நாம் கேட்க வேண்டிய கேள்வியைத் தயாராக எடுத்துக் கொடுக்கிறது: அந்த நேரத்தில் வேறு யாரையாவது பார்த்தீர்களா?

எழுதிக் கையெழுத்திட்ட தொகைகூட அப்படியே செல்லுபடியாகிவிடுவதில்லை. 1963இல் பதே சந்த் எதிர் பால்கிஷன் தாஸ் வழக்கில், சொத்து வாங்க ஒப்பந்தம் போட்டவர் 1,000 ரூபாய் முன்பணமும், பிறகு விலையில் ஒரு பகுதியாக 24,000 ரூபாயும் கொடுத்திருந்தார். பேச்சு முறிந்தால் எல்லாம் போய்விடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த ஆயிரத்தை விற்பவரே வைத்துக்கொள்ள விட்டது. இருபத்துநான்காயிரத்தை எடுத்துக்கொள்வது தண்டத்தொகை என்றது. 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை என்பது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். எழுதிச் சொன்னதற்கே இந்தக் கதி என்றால், சொல்லாததற்கு முழுத்தொகை கேட்பவர் எந்தக் கணக்கில் கேட்கிறார்?

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த கட்டணங்களும் உண்டு. பாட்டு டீச்சர் மாதச் சம்பளம் வாங்குகிறார். பெண் நான்கு வகுப்பில் ஒரு வகுப்புக்குப் போகவில்லை என்பதற்காக யாரும் கால்வாசியைப் பிடித்துக்கொண்டு கொடுப்பதில்லை. சேர்க்கும்போது டீச்சர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தால் நமக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்கும். ஸ்கூல் வேன்காரர் மே மாதத்துக்கும் சேர்த்து வாங்குவதை முதல் முறை கேட்கும்போது முகம் சுளிப்போம், ஆனால் தெருவில் விசாரித்தால் எல்லோரும் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஊர் வழக்கம் என்பதும் ஒரு வகை அறிவிப்புதான். ஒப்பந்தச் சட்டமே தன் முதல் பிரிவில், சட்டத்துக்கு முரணாக இல்லாத வணிக வழக்கங்களில் கைவைக்கவில்லை என்று சொல்லித்தான் தொடங்குகிறது.

சிக்மண்ட் பிராய்ட் 1913இல் சிகிச்சையைத் தொடங்கும் முறை பற்றி எழுதிய கட்டுரையில் இந்த டீச்சர் ஒப்பீட்டையே எடுக்கிறார். அவருடைய வேலைநாளில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மணிநேரம் ஒதுக்கப்படும். அது அந்த நோயாளியுடையது, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அதற்கான பணத்தை அவர் கொடுத்தாக வேண்டும். இசையோ மொழியோ கற்றுத் தருபவரிடம் நல்ல குடும்பங்கள் இந்த ஏற்பாட்டைத் தயக்கமில்லாமல் ஏற்கின்றனவே, மருத்துவரிடம் மட்டும் ஏன் கடுமையாகத் தெரிகிறது என்று கேட்கிறார். தளர்த்தினால் 'அவ்வப்போது வராமல் போவது' பெருகி, மருத்துவரின் பிழைப்பே ஆடிப்போகும் என்பது அவர் அனுபவம். கறாரான மனிதர்தான். இருந்தாலும் இரண்டு விஷயங்களை அவர் விட்டுவிடவில்லை. இதைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்கிறார். உடலில் உண்மையான நோய் வந்து நோயாளியால் வரவே முடியாமல் போனால், சிகிச்சையை நிறுத்தி வைத்து, அந்த மணிநேரத்தை வேறொருவருக்குக் கொடுக்கும் உரிமையைத் தான் எடுத்துக்கொள்கிறார். மணி வேறொருவரிடம் போனதும் பழைய நோயாளியின் கடனும் முடிந்துவிடுகிறது.

நம் ஊர் கிளினிக்குகளுக்கும் பார்லர்களுக்கும் இப்படி ஒரு வழக்கம் இன்னும் உருவாகவில்லை. அறிமுகமில்லாத பத்து வாடிக்கையாளரை நிறுத்தி, கடைசி நேரத்தில் ரத்துசெய்தால் பணம் கேட்பார்கள் என்று தெரியுமா என்று விசாரித்தால், தெரியும் என்று சொல்பவர் ஓரிருவர் தேறுவதே சந்தேகம். அதுவரை வழக்கத்தை யாரும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. நாளைக்கு வழக்கமாகிவிட்டால், தெரியாது என்று சொல்லும் வசதி நமக்கும் போய்விடும்.

கட்டணத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இன்னொரு வாதம், மக்களுக்குப் பொறுப்பு வரவேண்டும் என்பது. பணம் போகும் என்றால்தான் ஒழுங்காக வருவார்கள். இந்த வாதத்தைச் சொல்லாத கட்டணத்துக்குப் பயன்படுத்துவது எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. தெரியாத அபராதம் யாரையும் எச்சரிக்காது. போன் செய்த கணத்தில் அந்த 500 ரூபாய் என் மனதில் இல்லை. ஆகவே அது என்னைத் திருத்தியிருக்கவும் முடியாது. பிறகு வாங்குவதால் நடந்தது மாறப்போவதும் இல்லை.

சொல்லி வாங்கும் கட்டணமே எப்போதும் நினைத்த பலனைத் தருவதில்லை என்பதற்கு இஸ்ரேலின் ஹைபா நகரில் ஒரு சான்று கிடைத்தது. உரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் அங்கே பத்துக் குழந்தைக் காப்பகங்களைக் கவனித்தார்கள். சாயங்காலம் பிள்ளையை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வருவது பிரச்சினை. ஆறு காப்பகங்களில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் பத்து ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2000இல் வெளியான இந்த ஆய்வு அன்றிலிருந்து பலமுறை பேசப்பட்டுவிட்டது. முன்பு, வீட்டுக்குப் போக முடியாமல் காத்திருக்கும் ஆசிரியையின் முகம் பெற்றோர் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. அபராதம் வந்ததும் அந்த உறுத்தல் பத்து ஷெக்கலுக்குக் கிடைக்கும் சேவையாகிவிட்டது. அதனால் கட்டணமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ரத்துசெய்வதற்கு விலை வைத்துவிட்டால், வாடிக்கையாளரின் கூச்சத்தை நம்பியிருக்க முடியாது என்பதை விலை வைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொல்லாத கட்டணத்தில் இன்னொரு கொடுமையும் உண்டு. அது யாரிடமிருந்து வசூலாகிறது என்று பாருங்கள். நேரம் வாங்கிவிட்டு, போனையும் எடுக்காமல், திரும்பியும் வராமல் மறைந்து போனவரிடம் யாரும் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. மூன்று மணிக்கே போன் செய்து சொன்னவர், மன்னிப்புக் கேட்டவர், அடுத்த வாரமே திரும்பி வந்தவர், அவர் பில்லில்தான் அந்த வரி ஏறுகிறது. ஒளிந்தவர் தப்பிக்கிறார், உண்மை பேசியவர் கட்டுகிறார். இதைப் பார்த்துப் பழகியவர் அடுத்த முறை போன் செய்யாமல் இருப்பதே மேல் என்று கற்றுக்கொள்வார். அந்தக் கடை தன் வாடிக்கையாளருக்கு நடத்தும் பாடம் அதுதான்.

நேரத்துக்கு மதிப்புண்டு என்று சொல்பவர் எதிராளியின் நேரத்தையும் அதே அளவில் மதிக்கிறாரா என்று பார்க்கலாம். ஆறு மணிக்கு டோக்கன் கொடுத்துவிட்டு எட்டரைக்கு வரும் மருத்துவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார், அறுவைச் சிகிச்சை நீண்டுவிட்டது என்றால் யாரும் குறைசொல்லப் போவதில்லை. ஆனால் தினமும் எட்டரைதான் என்றால், அந்த இரண்டரை மணிநேரமும் நாற்பது பேருடைய கூலி, தூக்கம், கடைசி பஸ். அதற்கு யாரும் பில் போடுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ரத்துக் கட்டணம் என்பது நேரத்தின் மதிப்பைப் பற்றியது அல்ல. யாருக்கு யார் தேவை என்பதைப் பற்றியது.

இதில் ரயில்வேயைப் பாராட்டத்தான் வேண்டும், நாம் அதைத் திட்டிப் பழகியவர்கள் என்றாலும். 2015 நவம்பரில் வந்த ரத்து விதிகளில், 48 மணி நேரத்துக்கு முன்னால் ரத்துசெய்தால் ஸ்லீப்பர் வகுப்புக்கு 120 ரூபாய், அதன்பின் 12 மணி நேரம் வரை கட்டணத்தில் 25 சதவீதம், அதற்கும் பிறகு நான்கு மணி நேரம் வரை 50 சதவீதம் என்று வெளிப்படையாக எழுதிவைத்தார்கள். நேரம் நெருங்க நெருங்க அந்தப் படுக்கையை இன்னொருவருக்குக் கொடுப்பது கடினமாகிறது, பிடித்தமும் ஏறுகிறது. ரயிலையே அவர்கள் ரத்துசெய்தால் முழுப் பணமும் திரும்பி வரும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நாம் ஏறாமல் விட்டாலும் முழுப் பணம் கேட்கலாம். 2020இல் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் செயலி வாடகைக் கார்களுக்கு வகுத்த நெறிமுறையும் இரண்டு பக்கமும் பார்த்தது: சரியான காரணமில்லாமல் சவாரியை ரத்துசெய்தால் கட்டணத்தில் பத்து சதவீதம், நூறு ரூபாய்க்கு மிகாமல், பயணிக்கும் அதுவே, ஓட்டுநருக்கும் அதுவே. நடைமுறையில் என்ன ஆகிறது என்பது வேறு. ஏட்டில் இருக்கும் நியாயம் சரியான நியாயம்.

வள்ளுவர் வணிகனுக்கென்று சொன்ன அறம் பொருட்பாலில் இல்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக இருக்கிறது. பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதுதான் வணிகம் என்பது அதன் கருத்து. பொருள் என்ற இடத்தில் நேரத்தை வைத்துப் பார்த்தாலும் அது நிற்கும். விற்பவர், வாங்குபவர் இருவரையும் ஒரே கோலால் அளக்கும்.

அந்த ஐநூறு ரூபாய் போய்ச் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். பெரிய பார்லர்களில் வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளம் ஒரு பகுதி. செய்த வேலைக்கு ஏற்ற இன்சென்டிவ் ஒரு பகுதி. நாம் வராததால் நஷ்டப்பட்டவர் உண்மையில் அவர்தான். ரத்துக் கட்டணமோ கல்லாவுக்குப் போகிறது. அதில் அவருக்குப் பங்கு உண்டா என்று கேட்டால் பெரும்பாலும் உதடு பிதுங்கும். இழந்தவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர் என்றால் அதை இழப்பீடு என்று எப்படிச் சொல்வது? தனியாளாக ஒரு அறையில் கிளினிக் வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் விஷயத்தில் இந்தக் குழப்பமே இல்லை. அவருடைய மணி, அவருடைய வருமானம், அவருடைய நஷ்டம்.

ஆகவே கவுன்ட்டரில் நிற்பவர் செய்யக்கூடியது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். குரலை உயர்த்த வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பவர் ரூலை எழுதியவர் அல்ல. இதை முன்பே சொல்லவில்லை, அதனால் ரூல் என்ற பெயரில் இதைத் தர மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லலாம். அந்த நேரம் வேறு யாருக்காவது போனதா என்று கேட்கலாம். போனது என்றால் கணக்கு முடிந்தது. போகவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தோம் என்றால், அது தனியாளின் தொழிலாக இருந்தால், கேட்டதில் நியாயமான ஒரு பங்கை நாமே முன்வந்து கொடுக்கலாம். கேட்காவிட்டாலும் கொடுக்கலாம். பல கிளைகள் கொண்ட நிறுவனம், எங்கோ இணையத்தில் பதினான்காவது நிபந்தனையாகப் புதைத்து வைத்துவிட்டு முழுத்தொகையையும் முன்பணத்திலிருந்து தானாகவே பிடித்துக்கொண்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வது வம்பு வளர்ப்பதாகாது. அடுத்து வருபவருக்கும் சேர்த்துச் செய்யும் வேலை. இரண்டாவது முறை அதே கடையில் கடைசி நேரத்தில் ரத்துசெய்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டியதுதான். இப்போது தெரியுமல்லவா?

கடைக்காரர் பக்கமும் சிரமமான வேலை ஒன்றுமில்லை. நேரம் உறுதிசெய்யும் அதே வாட்ஸ்அப் செய்தியில் ஒரு வரி சேர்த்தால் போதும்: இத்தனை மணிக்குள் சொன்னால் ஒன்றுமில்லை, அதற்குப் பிறகு இவ்வளவு, அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்துவிட்டால் வாங்க மாட்டோம். பலர் இதை எழுதத் தயங்குவது வாடிக்கையாளர் பயந்து ஓடிவிடுவாரோ என்றுதான். எழுதினால் ஓடிவிடுவார் என்று தெரிந்த ஒன்றை எழுதாமல் வாங்குவது எந்த வகை வியாபாரம் என்பதை அவர்களே யோசித்துக்கொள்ளட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் சாவு என்று வருபவரிடம் சான்று கேட்காமல் விட்டுவிடும் இடமும் அந்த வரியில் இருக்க வேண்டும். பொய் சொல்பவர்கள் சிலர் தப்பிப்பார்கள். தப்பிக்கட்டும், சாவு வீட்டுக்காரரிடம் சான்றிதழ் கேட்பதைவிட அது மலிவு.

இவ்வளவும் பேசியது பலகை மாட்டவும் பில் போடவும் வசதியுள்ளவர்களைப் பற்றி. அந்த வசதி இல்லாதவர்களிடம் நாம் தினமும் ரத்துசெய்துகொண்டிருக்கிறோம். அதை ரத்து என்று நினைப்பதுகூட இல்லை. காலை ஏழு மணிக்குள் சாலைச் சந்திப்புகளில் வந்து நிற்கும் கொத்தனார், பெயின்டர், சித்தாள் ஆகியோரின் நாள் எட்டு, எட்டரைக்குள் முடிவாகிவிடும். அதற்குப் பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். முந்தின நாளே "காலைல நேரா வீட்டுக்கு வந்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, வந்து நின்றவரிடம் "இன்னிக்கு வேணாம்ணே, வீட்ல விசேஷம், நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று கேட்டுக்கு உள்ளே நின்றபடி சொல்லி அனுப்புகிறோம். அவரும் சரிங்க என்று பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவரிடம் 24 மணி நேர ரூல் இல்லை. இருந்தாலும் சொல்லத் துணிய மாட்டார். சொன்னால் நாளைக்குக் கூப்பிட மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். ஐநூறு ரூபாய்க்குச் சட்டப்பிரிவு தேடும் நமக்கு, வேறு எங்கும் விற்க முடியாதபடி நாமே வாங்கி வைத்து வீணாக்கிய அந்த முழு நாள் ஞாபகத்துக்கு வருவதில்லை. மேலே சொன்ன எந்த அளவுகோலை வைத்தாலும் அவருக்கு அரைநாள் கூலியாவது கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். பஸ் செலவு தனி.